இணைய அடைவின் ‘எடிட்டர்’: ‘தொகுநர்’ என்று சொல்லலாமா?

அன்புடையீர், வணக்கம்.

இணையதளங்களைப் பொருள்வாரியாகப் பகுத்துப் பட்டியலிடும் இணைய அடைவுகளில் தன்னார்வப் பணிக்கு விண்ணப்பிப்போருக்கான வழிகாட்டியைத் தமிழில் எழுதும்போது ‘எடிட்டர்’ என்பதற்கு எந்தச் சொல்லை ஆள்வது என்னும் வினாவுக்கு, இதுவரை ‘பதிப்பாசிரியர்’, ‘திருத்துநர்’, ‘தொகுப்பாளர்’ ஆகிய மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. அகராதியை மட்டும் பார்த்தால் மூன்றுமே பொருந்தும். பணியைப் பார்த்தால் முதலிரண்டும் பொருந்தா என்பது என் கருத்து.

1998இல் தொடங்கி, அவ்வாண்டே நெட்ஸ்கேப் நிறுவனத்தின் கைக்குச் சென்று, 2017 மார்ச்சில் மூடப்பட்ட டிமாஸ் (DMOZ) அடைவையே சான்றாகக் கொள்கிறேன். அதன் பணியைக் கர்லி (Curlie) என்ற பெயரில் தன்னார்வலர்கள் தொடர்கிறார்கள். டிமாஸில் எடிட்டராக விண்ணப்பித்தவர் தமக்குப் பழக்கமான சிறிய பகுப்பு ஒன்றைத் தேர்ந்து, அதில் இன்னும் இடம்பெறாத இரண்டு மூன்று தளங்களைத் தாமே கண்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் தலைப்பும் ஓரிரு வரி விவரிப்பும் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. தமக்குத் தொடர்புள்ள தளங்கள் எவை என்பதையும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டியிருந்தது. பகுப்பு கைக்கு வந்த பிறகும் இதே வேலைதான். ஓர் உணவகம் தன் தளத்தை ‘ஊரிலேயே தலைசிறந்த சுவை, இன்றே வாருங்கள்!’ என்று புகழ்ந்து அனுப்பியிருந்தால், எடிட்டர் அதை ‘உணவுப் பட்டியல், விலை, திறந்திருக்கும் நேரம்.’ என்று சுருக்கி, உணவு குறித்த பொதுப் பகுப்பில் அன்றி அந்த ஊரின் பகுப்பில் கொண்டுபோய் வைப்பார். அத்தளத்தில் உள்ள ஓர் எழுத்தையும் அவர் தொடமாட்டார். ஆகவே ‘திருத்துநர்’ என்பது விண்ணப்பிப்பவருக்குத் தவறான எண்ணத்தைத் தரும். ‘பதிப்பாசிரியர்’ என்றாலோ ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்த உ.வே.சாமிநாதையர்தான் நம் நினைவுக்கு வருகிறார். அந்தப் பொருளை அச்சொல்லிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை.

‘தொகுப்பாளர்’ என்பதன் வேர் சரியானது. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் செய்ததும் ஏறத்தாழ இதே பணிதான். பாடல்கள் பிறர் எழுதியவை. அவற்றைத் தேடித் தெரிந்து, 4 முதல் 8 அடி வரை உள்ளவற்றைக் குறுந்தொகையிலும், 9 முதல் 12 வரை உள்ளவற்றை நற்றிணையிலும், 13 முதல் 31 வரை உள்ளவற்றை அகநானூற்றிலும் வைத்தார்கள். (குறுந்தொகையின் 307, 391 ஆம் பாடல்களுக்கு 9 அடிகள். பகுப்பு மாறி உட்காரும் பதிவுகள் இணையத்தோடு பிறந்தவை அல்ல.) ஆனால் ‘தொகுப்பாளர்’ என்றதும் இன்று ஒலிவாங்கியோடு மேடையில் நிற்பவரே நினைவுக்கு வருகிறார், தொலைக்காட்சி அச்சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது, இனி அதைத் திருப்பிக் கேட்பதில் பயனில்லை.

எனவே அதே வேரிலிருந்து ‘தொகுநர்’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். ஓட்டுநர், இயக்குநர், பயிற்றுநர் என்று ‘நர்’ விகுதி ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் இதைப் பலுக்குவதிலும் எழுதுவதிலும் இடரில்லை. நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் ‘கம்பைலர்’ மென்பொருளைத் ‘தொகுப்பி’ என்கிறோமே, குழப்பம் நேராதா என்று சிலர் கேட்கலாம். திரட்டி, உலாவி போலத் தொகுப்பியும் ‘இ’ விகுதி பெற்ற கருவிப் பெயர். ‘நர்’ மனிதரையே குறிக்கும். பொறியின் தேடலுக்கு மாற்றாக மனிதத் தேர்வை முன்வைத்த ஒரு திட்டத்துக்கு இந்த வேறுபாடு விகுதியிலேயே தெரிவது நல்லதுதான்.

விண்ணப்பங்களை ஆராய்ந்து ஏற்கவோ மறுக்கவோ அதிகாரம் உள்ள ‘மெட்டா எடிட்டர்’ நிலைக்கு, இலக்கிய மரபைப் பின்பற்றித் ‘தொகுப்பித்தோர்’ என்று சொல்ல முதலில் ஆசைப்பட்டேன். ஆனால் தொகுப்பித்தவர் பிறரைக் கொண்டு தொகுக்கச் செய்த புரவலர், இவரோ தாமும் தொகுக்கிறவர். ஆதலால் ‘முதுநிலைத் தொகுநர்’ போதும். ‘தன்னார்வ’ என்னும் அடையை ஒவ்வோரிடத்திலும் சேர்க்க வேண்டாம், முதல் குறிப்பில் ஒருமுறை வந்தால் போதும். ‘அடைவு’ பள்ளிகளில் அடைவுத் தேர்வாக வேறு பொருளில் வழங்கினாலும், இங்கே ஊன்றிவிட்டது, மாற்ற வேண்டியதில்லை.

படிவத்தின் முதல் வரியை இவ்வாறு எழுதிப் பார்த்தேன்: ‘இப்பகுப்பின் தன்னார்வத் தொகுநராக விண்ணப்பிக்கிறேன்.’ வாய்விட்டுப் படித்துப் பார்த்து, நெருடினால் எந்த இடத்தில் நெருடுகிறது என்று எழுதுங்கள்.