சைக்கிளில் ஏற்காடு: அடிவாரமா, குப்பனூரா?

அஸ்தம்பட்டிக்காரன்:
கியர் சைக்கிள் வாங்கி மூணு மாதம் ஆகிறது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏற எந்த வழி நல்லது? மேலே மண் பாதை கிடைக்குமா?

மலைப்பித்தன்:
முதல் தடவை என்றால் அடிவாரம் வழியாக ஏறும் வழக்கமான மலைச்சாலைதான். 20 கொண்டை ஊசி வளைவு, எண்ணிக்கொண்டே ஏறலாம், அதுவே பாதி தெம்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், சுற்றுலா வேன்கள் வளைவை முழுசாக அடைத்துக்கொண்டு வரும், நாம் ஓரத்துச் சரளையில் ஒரு காலை ஊன்றி நிற்க வேண்டியதுதான்.

குப்பனூர் ரசிகை:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குப்பனூர் வழியில் வண்டி குறைவு, மூச்சு விட்டு ஏறலாம். மேலே 32 கி.மீ. லூப் ரோடு இருக்கிறது, காபித் தோட்டம் நடுவே போகும், அதுவே ஒரு நாளுக்குப் போதும். மண் பாதைகள் பலதும் எஸ்டேட்காரர்களுடையது, கேட்காமல் நுழையாதீர்கள்.

தேய்ந்த பிரேக்:
இறக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே! பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கிவிட்டு, டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன், விரல் கொப்புளித்துவிட்டது. வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, திரும்பும்போது விட்டுவிடுங்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்:
சரி, குப்பனூர்தான். அதற்கு முன் பிரேக் பேட் மாற்றிவிடுகிறேன்.