புதுப்பிப்பு: அப்பா நடக்க ஆரம்பித்துவிட்டார்

அப்பாவுக்குப் பெருங்குடல் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நடக்கச் சொல்கிறார்களே, தையல் பிரிந்துவிடாதா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

மருத்துவரிடமே கேட்டுவிட்டேன். 1990களில் டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை சிகிச்சை மருத்துவர் ஹென்ரிக் கெலட் வளர்த்தெடுத்த முறை இது. படுத்தே கிடந்தால்தான் ஆபத்து: காலில் ரத்தம் உறையலாம், நுரையீரலில் சளி கட்டலாம், தசையும் கரையும். சீக்கிரம் நடப்பது, சீக்கிரம் சாப்பிடுவது, ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற) வலி மருந்தைக் குறைப்பது எல்லாம் சேர்ந்தால் மருத்துவமனை நாட்கள் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

முதல் நாள் நாலு அடிதான். இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லித்தந்த செவிலியரை மறக்கவே மாட்டேன். அப்புறம், அடுத்த பரிசோதனை முடிந்ததும் எழுதுகிறேன்.