7700எக்ஸ் ஓவர்க்ளாக்குக்கு எந்த ராம்: 6000 சிஎல்30-ஆ, 7200 சிஎல்34-ஆ?

மின்வெட்டு:
ரைசன் 7 7700எக்ஸ், பி650 போர்டு, டவர் ஏர் கூலர். பிபிஓ-ல (ஏஎம்டியோட தானியங்கி ஓவர்க்ளாக்) கர்வ் ஆப்டிமைசரை, அதாவது கோர்களுக்குப் போற வோல்டேஜ் அளவை, மைனஸ் 20 வரைக்கும் இறக்கிப் பார்க்கணும், கூடவே ராமையும் ஏத்தணும். 32 ஜிபி போதும். பார்த்து வெச்சிருக்கிறது மூணு கிட் (முதல் நம்பர் வேகம், சிஎல்-ங்கிறது ராம் பதில் தர எடுக்கிற க்ளாக் எண்ணிக்கை): 6000 சிஎல்30-36-36, 6000 சிஎல்36, 7200 சிஎல்34. முதலாவதுக்கும் கடைசிக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான். அப்போ பெரிய நம்பரை எடுக்கிறதுதானே நல்லது? இன்னொண்ணு, இப்போ 2x16 (16 ஜிபி குச்சி ரெண்டு) வாங்கிட்டு அடுத்த வருஷம் அதே கிட் இன்னொண்ணு சேர்த்துக்கலாமா?

சில்லுவண்டு:
7200-ஐ விடுங்க. இன்டெல் போர்டா இருந்தா பேச்சு வேற. ஏஎம்5-ல (உங்க ரைசன் உட்கார்ற சாக்கெட்) ராம் தனியா ஓடிப் பிரயோஜனம் இல்ல, ப்ராசஸருக்குள்ள இருக்கிற மெமரி கன்ட்ரோலரும் கூடவே ஓடணும். டிடிஆர்5-6000-க்கு நிஜ க்ளாக் 3000 மெகாஹெர்ட்ஸ். கன்ட்ரோலரும் 3000-ல ஓடினா அது 1:1, அனேகமா எல்லா 7000 வரிசைச் சில்லும் தாங்கும். 6400-க்கு 3200 வேணும், அது சில்லோட ராசியைப் பொறுத்தது. 7200-க்கு 3600 வேணும், அதுக்கு வாய்ப்பே இல்ல. போர்டு தானாவே 1:2-க்கு மாத்திடும், கன்ட்ரோலர் 1800-ல நிக்கும்.

இன்னொரு தடையும் இருக்கு. 7700எக்ஸ்-ல சிசிடி, அதாவது கோர்கள் இருக்கிற சில்லு, ஒண்ணுதான். அதை ஐஓ டையோட (மெமரி கன்ட்ரோலர் இருக்கிற சில்லு) இணைக்கிற இன்ஃபினிட்டி ஃபேப்ரிக், ஒரு க்ளாக்குக்கு 32 பைட்தான் படிக்கும். எஃப்சிஎல்கே, அதாவது ஃபேப்ரிக்கோட க்ளாக், 2000-னா நொடிக்கு 64 ஜிபி. டூயல் சேனல் 6000 ராமே ஏட்டளவில 96 ஜிபி தருது. வீட்டு வாசல் குறுகலா இருக்கும்போது தெருவை அகலப்படுத்தி என்ன ஆகப்போகுது? உங்களுக்குக் கிடைக்கப்போற லாபமெல்லாம் தாமதம் குறையறதுலதான்.

அதைக் கணக்குப் போடறது சுலபம். சிஎல்லை 2000-ஆல பெருக்கி ராம் வேகத்தால வகுங்க. 6000 சிஎல்30 சரியா 10 நானோசெகண்ட், சிஎல்36 12, 7200 சிஎல்34 9.4. காகிதத்துல 7200 முந்துது. ஆனா கன்ட்ரோலர் பாதி வேகத்துல ஓடறதால வர்ற தாமதம் அந்த அரை நானோசெகண்டை முழுங்கிட்டு இன்னும் கேட்கும்.

கரிக்கட்டை:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 30-க்கும் 36-க்கும் உள்ள வித்தியாசம் அந்த 2 நானோசெகண்டோடு முடியவில்லை. 6000-ல் 30-36-36, 30-38-38 என்று டைமிங் போட்ட கிட்டுகளில் பெரும்பாலும் ஹைனிக்ஸ் நிறுவனத்தின் ஏ-டை அல்லது எம்-டை என்ற மெமரி சில்லு இருக்கும். சிஎல்36 கிட்டில் எது வேண்டுமானாலும் வரலாம். ஓவர்க்ளாக் செய்கிறவருக்கு இதுதான் முக்கியம். ஹைனிக்ஸில் டிஆர்எஃப்சி-யை (ராமின் மின்னூட்டத்தை ஒரு முறை நிரப்ப எடுக்கும் க்ளாக்) நன்றாக இறக்கலாம்: 6000-ல் 885 என்று நிற்பதை 500-க்குக் கொண்டுவந்தாலும் பெரும்பாலும் சலிக்காமல் ஓடும். சாம்சங்கிலும் மைக்ரானிலும் அந்த அளவு இடம் கிடையாது.

நாலு குச்சி யோசனை வேண்டாம். நாலு ஸ்லாட்டும் நிறைந்தால் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி தருவது 3600 மட்டுமே. அதற்கு மேல் ஓடினால் அதிர்ஷ்டம். பெட்டியில் ஒரே பெயர் இருந்தாலும் அடுத்த வருஷம் வரும் கிட்டில் வேறு டை இருக்கலாம். பின்னாடி 64 வேண்டுமென்று தோன்றினால் இப்போதே 2x32 எடுத்துவிடுங்கள்.

டவர் கூலர் என்கிறீர்கள். ராம் மீதுள்ள ஹீட் ஸ்ப்ரெடரின் உயரத்தைப் பார்த்து வாங்குங்கள். விளக்கு வைத்த கிட்டுகள் பெரும்பாலும் 40 மில்லிமீட்டரைத் தாண்டும், ஃபேன் இடிக்கும்.

சில்லுவண்டு:
வாங்கினதும் செய்ய வேண்டியது. முதல்ல பயாஸ் அப்டேட், இதைத் தள்ளிப்போடாதீங்க. 2023-ல சில 7000 சில்லுங்க கருகினதுக்கு அப்புறம்தான் எஸ்ஓசி வோல்டேஜுக்கு (மெமரி கன்ட்ரோலர் பக்கம் போற வோல்டேஜ்) 1.3 வோல்ட்னு ஏஎம்டி உச்சவரம்பு வெச்சது. பழைய பயாஸ்ல அந்தக் கட்டுப்பாடு இல்ல.

குச்சிங்க ப்ராசஸர்ல இருந்து எண்ணினா ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல. ரெண்டு முனையும் படிஞ்சிருக்கான்னு விரலால அழுத்திப் பாருங்க. பல போர்டுல ஒரு பக்கம்தான் கொக்கி இருக்கும், மறுமுனை பாதி தூக்கிக்கிட்டு நின்னாலும் கண்ணுக்குத் தெரியாது.

எக்ஸ்போவை (கிட்லயே பதிஞ்சு வர்ற வேக செட்டிங்) ஆன் பண்ணிட்டு மூணு விஷயத்தைக் கையால போடுங்க: யூசிஎல்கே (கன்ட்ரோலர் க்ளாக்) 1:1, எஃப்சிஎல்கே 2000, எஸ்ஓசி 1.20-ல இருந்து 1.25-க்குள்ள. எல்லாத்தையும் ஆட்டோல விட்டா சில போர்டு எஸ்ஓசி-யை 1.3 ஓரத்துல கொண்டுபோய் நிறுத்திடும்.

சேவ் பண்ணினதும் திரை கறுப்பாகிடும், டிராம்னு எழுதின விளக்கு எரியும். அது மெமரி ட்ரெய்னிங். சில நிமிஷம் ஆகும். செத்துப்போச்சுன்னு நினைச்சு பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கிறவங்கதான் இங்க அதிகம். பத்து நிமிஷம் தாண்டினாத்தான் சீமாஸை (சேமிச்ச பயாஸ் செட்டிங்கை) க்ளியர் பண்ணணும்.

இப்போ கர்வ் ஆப்டிமைசரைத் தொடாதீங்க. ராமை மட்டும் டெஸ்ட்மெம்5-ல ரெண்டு மணி நேரம், அப்புறம் ஒய்-க்ரஞ்சர்ல ஒரு மணி நேரம் ஓட்டுங்க. ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் தோல்விதான், "ஒண்ணுதானே"ன்னு விட்டா விண்டோஸ் ஃபைல்தான் கெட்டுப்போகும். தேறின பிறகு கர்வ். ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எது கவுத்துச்சுன்னு தெரியாது. கர்வ் அதிகமா இறங்கினா முழு லோட்ல விழாது, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் ஈவென்ட் வியூவர்ல வீயா-லாகர் 18, கேஷ் ஹையரார்க்கி எர்ரர்னு இருந்தா ராமைத் திட்டாதீங்க. அதுல இருக்கிற ஏபிக் ஐடி எந்தக் கோர்னு காட்டும், அந்தக் கோரோட கர்வை மட்டும் அஞ்சு ஏத்துங்க (மைனஸ் 20-னா மைனஸ் 15).

மின்வெட்டு:
சரி, 6000 சிஎல்30-36-36 எடுத்துடறேன். டிரெஃபியை (ராம் மின்னூட்டத்தை நிரப்பறதுக்கு நடுவுல விடற இடைவெளி) 65535-ல வெச்சா நல்ல லாபம்னு சொல்றாங்களே?

கரிக்கட்டை:
லாபம் உண்மைதான். ராம் செல்லில் இருக்கும் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும், அதைத் திரும்ப நிரப்பும்போது ராமைத் தொட முடியாது. 6000-ல் 11,700 க்ளாக்குக்கு ஒரு முறை நிரப்புவதை 65,535-க்கு ஒரு முறை என்று தள்ளினால் காத்திருப்பு குறையும். ஆனால் சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். குச்சி 40 டிகிரியில் இருக்கும்போது தேறிய செட்டிங், கிராபிக்ஸ் கார்டின் சூடு அடித்து 55-ஐத் தாண்டினால் எர்ரர் தரலாம். டிசம்பரில் டெஸ்ட் பாஸ் ஆனதை மே மாதத்தில் நம்பாதீர்கள்.

50,000-ல் வைத்து, மெமரி டெஸ்டோடு கிராபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்து லோட் கொடுத்து ஓட்டுங்கள். டிடிஆர்5 குச்சியிலேயே சென்சார் உண்டு, எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் தெரியும். 50-க்கு மேல் போனால் ராமை நோக்கி ஒரு ஃபேனைத் திருப்புங்கள், இல்லையென்றால் 32,000-க்கு இறங்குங்கள்.