‘அரவான்’ல மதுரை எங்கேண்ணே?

வெளிவீதி வாசகன்:
நேத்து ‘அரவான்’ (2012) படத்தைத் திரும்பப் பார்த்தேன். கொம்பூதியா பசுபதி பின்னியிருக்காரு, ஒத்துக்கிறேன். ஆனா இந்தப் படத்துக்கு மூலமான ‘காவல் கோட்டம்’ நாவல்ல சு. வெங்கடேசன் ஆயிரம் பக்கத்துக்கு மேல எழுதினது நம்ம மதுரையை. படத்துல ஊரு ஓரமா வந்துட்டுப் போகுது.

தேனிப்பய:
ஆயிரம் பக்கத்தை ரெண்டரை மணி நேரத்துல ஓட்ட முடியுமாண்ணே? வசந்தபாலன் ஒரு கிளைக்கதையை மட்டும் எடுத்தாரு. பலிக்கு நேர்ந்துவிட்டவன் தப்பிச்சு ஓடுறான். சினிமாவுக்கு அது போதும்.

வெளிவீதி வாசகன்:
குறைச்சது தப்புன்னு சொல்லலப்பா. நாவல்ல களவு வெறும் சாகசமா? களவாடத் தெரிஞ்சவன் கையிலதான் காவலும் இருக்கு. களவுக்குப் பேர்போன தாதனூர்க்காரன்தான் மதுரைத் தெருவைக் காக்குறான். அப்புறம் வெள்ளைக்காரக் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்துல மதுரைக் கோட்டை இடியுது, போலீஸ் வருது, காவல் உரிமை பறிபோகுது, ஒரு சாதியையே குற்றவாளின்னு முத்திரை குத்துன குற்றப் பரம்பரைச் சட்டம் வரைக்கும் இழுத்துட்டுப் போகுது. படம் 18ஆம் நூற்றாண்டுலயே நின்னுட்டதால, பார்க்குறவனுக்கு அது ‘அந்தக் காலத்துக் களவாணிக் கதை’ அவ்வளவுதான். கோட்டையை இடிச்ச வேலையில இருந்தவங்க பேருதான் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதின்னு இன்னிக்கும் நிக்குது. தினமும் நடக்குறோம்!

தல்லாகுளத்து அக்கா:
தம்பி, அப்படிப் பார்த்தா எந்தப் படமும் தேறாது. உமாசந்திரனோட ‘முள்ளும் மலரும்’ நாவல்ல காளியோட கையைப் புலி காவு வாங்குது. மகேந்திரன் 1978ல படமா எடுத்தப்போ புலிக்குப் பதிலா லாரியை வச்சாரு. தியேட்டர்ல யாராவது புலியைத் தேடினாங்களா?

தேனிப்பய:
அக்கா 👏 ‘அசுரன்’ அதைவிட. அதுக்கு மூலமா பூமணி 1982ல எழுதின ‘வெக்கை’ நாவல்ல படத்துல வர்ற அப்பனோட ஃபிளாஷ்பேக்கே கிடையாது. செருப்பு, குடிசை எரிப்பு எல்லாம் வெற்றிமாறன் சேர்த்தது. அதனாலதான் பஞ்சமி நிலம்னு, அதாவது வெள்ளைக்காரன் காலத்துல தலித்துகளுக்குக் கொடுத்த நிலத்தைப் பத்தி, டீக்கடை வரைக்கும் பேசுனாங்க.

வெளிவீதி வாசகன்:
பேசுனாங்க, சரி. ஆனா ‘வெக்கை’யில பதினஞ்சு வயசு சிதம்பரம்தானே மையம்? அண்ணனைக் கொன்னவனை வெட்டிட்டு அய்யாவோட காடுமேடு சுத்துறான், கெடச்சதைப் பொங்கித் திங்குறான், பேசுறான். அந்த நெருக்கம்தான் நாவலே. தனுஷ் அப்பனா வந்ததும் கதை அப்பன் பக்கம் சாஞ்சிருச்சு, பய பின்னாடி நிக்குறான்.

தல்லாகுளத்து அக்கா:
அது ஸ்டாருக்காகச் சாய்ச்சதுன்னா உன் கட்சி. எனக்கென்னமோ அந்தப் பழைய கதை தெரியாம அப்பனோட அடக்கம் கோழைத்தனமாத்தான் தெரிஞ்சிருக்கும். தமுக்கம் புத்தகத் திருவிழாவுல ‘அசுரன் கதை இருக்கா’ன்னு கேட்டு ‘வெக்கை’யை வாங்குறதை நானே பார்த்தேன். புத்தகத்துக்கு அதுவும் ஒரு வழிதானே.

வெளிவீதி வாசகன்:
புத்தகம் வித்துச்சுன்னா படம் சரின்னு ஆயிடுமாக்கா? என்னக் கேட்டா, சின்ன நாவல்தான் சினிமாவுக்குத் தோது. செல்லப்பாவோட ‘வாடிவாசல்’ (1959) ஒரே ஒரு ஜல்லிக்கட்டு சாயங்காலம். சூர்யாவை வச்சு எடுக்கிறதா வெற்றிமாறன் அறிவிச்சிருக்காரு, பார்ப்போம்.

தேனிப்பய:
அதுலயும் மாடு பிடிக்க வர்ற நாயகன் பிச்சியோட அப்பனுக்கு முக்கால் மணி நேர ஃபிளாஷ்பேக் வைப்பாரு, பந்தயமா?

வெளிவீதி வாசகன்:
பந்தயம். தோத்தவன் விளக்குத்தூண்ல ஜிகர்தண்டா. அக்காவுக்கும் சேர்த்து.