எர்த் ஓட்டைக்குள் வயரே இல்லை

மதுரை வில்லாபுரத்தில் வீட்டு மாடியில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். போன வருடம் அழகர் ஆற்றில் இறங்கிய வாரம், ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) ஓடும்போதெல்லாம் சூட்டில் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஒன்றை வாங்கி, கேஸ் ஏற்றி, செம்புச் சுருளைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, அந்தக் குளிர்ந்த தண்ணீரை பம்ப் வைத்து பிராசசருக்கு ஓடவிட்டேன். சூடு நன்றாகவே இறங்கியது.

மூன்றாவது வாரம் அம்மா ஈரத்துணியால் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் துடைத்தவர் சட்டென்று கையை உதறினார். "சுர்ருனு இழுக்குதுடா." அவர் வெறுங்கால். நான் எப்போதும் ரப்பர் செருப்போடு உட்காருவேன், அதனால் எனக்குத் தெரியவே இல்லை.

எர்த் இல்லாத வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டாலும் லேசாக ஊறும். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் உள்ளே லைனுக்கும் பாடிக்கும் நடுவில் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் இருக்கின்றன, அவற்றின் வழியாக வரும் மிகச் சிறிய கரண்ட் அது. அம்மாவுக்கு அடித்தது அதைவிட அதிகம் என்று மனசு சொன்னது.

மல்டிமீட்டரை வைத்தேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்தான் இருக்க வேண்டும், 180 காட்டியது. சாக்கெட்டைக் கழற்றினால் எர்த் முனையில் வயரே கிடையாது. கம்ப்ரசரும் கம்ப்யூட்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இருந்தன. பூமிக்குப் போக வழி இல்லாததால், கம்ப்ரசரில் கசிந்த கரண்ட் போர்டின் எர்த் கம்பி வழியாகவே கேபினெட்டுக்கு வந்திருக்கிறது. பச்சை வயர் இருக்கிறதே என்று நான் நம்பிய அதே வயர்.

எலக்ட்ரீஷியன் வந்தார். "நியூட்ரல்ல இருந்து ஒரு லூப் போட்டு எர்த்துல குடுத்துரலாம் தம்பி, டெஸ்ட் லாம்ப் நல்லா எரியும்" என்றார். "வேண்டாம்ணே" என்று உறுதியாகச் சொன்னேன். வழியில் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட்டும் அப்படியே பாடியில் வந்து நிற்கும். தயவுசெய்து யாரும் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

மீட்டர் பக்கத்தில் எர்த் குழி இருந்தது, ஆனால் மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. தோண்டி, உப்பும் கரியும் போட்டு நிரப்பி, தண்ணீர் விட்டு, அங்கிருந்து மாடிக்குப் புது எர்த் வயர் இழுத்தோம். கம்ப்ரசரின் கால் பக்கம் இருக்கும் எர்த் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தபோது, அடியில் கறுப்புப் பெயிண்ட் தடிமனாக இருந்தது. பெயிண்ட் மேல் வயரை முறுக்கினால் தொடர்பே கிடைக்காது. உப்புத்தாளால் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, வயர் முனையில் மாட்டும் வளையமான லக் வைத்து இறுக்கினேன். அப்புறம் டவுன் ஹால் ரோட்டில் 30 மில்லிஆம்பியர் கரண்ட் கசிந்தாலே சப்ளையைத் தானாகத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்று வாங்கி மாட்டினோம்.

கம்ப்ரசரைப் போட்ட நொடியே ஆர்சிசிபி விழுந்தது. மறுபடி போட்டாலும் விழுந்தது. "இது தொந்தரவு பண்ணும், எடுத்துருவோம்" என்றார் அவர். நான் கம்ப்ரசரை ஸ்டார்ட் செய்யும் ரிலேவைக் கழற்றி, கம்ப்ரசரின் மூன்று பின்னுக்கும் பாடிக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸை அளந்தேன். மெகாஓமில் இருக்க வேண்டியது 4 கிலோஓம்தான் இருந்தது. கணக்குப் போட்டால் 50 மில்லிஆம்பியருக்கு மேல் கசியலாம். அம்மா துடைத்த அந்த ஈரத்துணியை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கம்ப்ரசர் மறுநாளே பழைய இரும்புக்கடைக்குப் போய்விட்டது. இப்போது வேறொன்று ஓடுகிறது, அதை வாங்கும்முன் கடையிலேயே பின்களை அளந்துவிட்டேன். கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமை எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை நானே அழுத்திப் பார்க்கிறேன்.