என்டிடிஎஸ்.டிட்: 40,000 கணக்குகளை நீக்கியும் கோப்பின் அளவு குறையவில்லை, எதை அழிக்கலாம்?

கேள்வி | சி_டிரைவ்_நிறைந்தது

விண்டோஸ் சர்வர் 2019, ஒரே டொமைன், இரண்டு டொமைன் கன்ட்ரோலர்கள் (பயனர் கணக்குகளை வைத்து லாகினைச் சரிபார்க்கும் சர்வர்கள்). இரண்டிலும் ஆக்டிவ் டைரக்டரியின் டேட்டாபேஸ் கோப்பான என்டிடிஎஸ்.டிட் 9 ஜிபி. இரண்டு மாதத்துக்கு முன் 40,000 பழைய பயனர் கணக்குகளை நீக்கினோம், அளவு அப்படியே இருக்கிறது. நீக்கிய கணக்குகளை மீட்டெடுக்க உதவும் ஆக்டிவ் டைரக்டரி ரீசைக்கிள் பின் இயக்கத்தில் உள்ளது. சி டிரைவில் 6 ஜிபிதான் மிச்சம். அதே ஃபோல்டரில் ஈடிபி.லாக், ஈடிபி.சிஎச்கே, டெம்ப்.ஈடிபி, ஜேஆர்எஸ் என்று முடியும் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. இவற்றில் எவற்றை அழிக்கலாம்? டிட் கோப்பை எப்படிச் சுருக்குவது?

பதில் 1 | பக்கம்_8கேபி

முதலில், எதையும் கையால் அழிக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

டிட் கோப்புதான் முழு டேட்டாபேஸ். ஸ்கீமா, கான்ஃபிகரேஷன், டொமைன் ஆகிய பார்ட்டிஷன்களும் ஆக்டிவ் டைரக்டரியில் வைத்த டிஎன்எஸ் ஜோன்களும் இந்த ஒரே கோப்பில்தான் இருக்கின்றன. தனித்தனிக் கோப்புகள் கிடையாது. உள்ளே 8 கேபி பக்கங்கள். ஆப்ஜெக்ட்கள் (பயனர், கணினி, குரூப் போன்றவை) எல்லாம் ஒரே பெரிய டேபிளில் வரிசைகளாக இருக்கும். ஓயு (கணக்குகளைப் பிரித்து வைக்கும் ஃபோல்டர் போன்ற பிரிவு) மரம் என்று நாம் பார்ப்பது, ஒவ்வொரு வரிசையும் தன் தாய் வரிசையின் எண்ணைச் சுமப்பதால் உருவாகும் தோற்றம்தான். குரூப் உறுப்பினர் தொடர்புகளுக்கு ஒரு லிங்க் டேபிள், பாதுகாப்பு விவரங்களுக்கு இன்னொரு டேபிள். ஒரே மாதிரி அனுமதி கொண்ட ஆயிரம் ஆப்ஜெக்ட்கள் இருந்தாலும் அந்த விவரம் ஒரு பிரதிதான் சேமிக்கப்படும்.

எந்த மாற்றமும் முதலில் ஈடிபி.லாக்கில் எழுதப்பட்டு, பிறகுதான் டிட்டுக்குப் போகும். லாக் ஒவ்வொன்றும் 10 எம்பி. எதுவரை டிட்டில் சேர்ந்துவிட்டது என்று காட்டும் அடையாளம் ஈடிபி.சிஎச்கே. அதற்கு முந்தைய பழைய லாக்குகள் தாமாகவே நீக்கப்படும். மின்சாரம் போய்ச் சர்வர் திடீரென நின்றால், டிட்டைச் சீராக்குவது இந்த லாக்குகள்தான். அவற்றை அழித்திருந்தால் -550 பிழையோடு ஆக்டிவ் டைரக்டரி சேவை (என்டிடிஎஸ்) எழாமல் நின்றுவிடும்.

ஜேஆர்எஸ் கோப்புகள் தலா 10 எம்பி. டிஸ்க் முழுக்க நிறைந்தாலும் சேவை ஒழுங்காக மூடிக்கொள்ள வைத்திருக்கும் கையிருப்பு இது. உங்களிடம் இருப்பது 6 ஜிபி என்பதால் இதை மட்டும் கண்டிப்பாகத் தொடாதீர்கள்.

பதில் 2 | நள்ளிரவு_அட்மின்

சேவையை நிறுத்தி என்டிடிஎஸ்யூட்டில் என்ற கட்டளைக் கருவியில் கம்பாக்ட் (சுருக்கிய புதிய கோப்பை உருவாக்கும் கட்டளை) கொடுங்கள், சுருங்கிவிடும். இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: இப்போதைய டிரைவில் டிட் அளவின் 15 சதவீதம் காலியாக வேண்டும், புதிய கோப்பு போகும் டிரைவில் குறைந்தது டிட்டின் முழு அளவு வேண்டும். உங்கள் கணக்குக்கு சி டிரைவில் சுமார் 1.4 ஜிபி, மற்றதில் 9 ஜிபி.

பதில் 3 | பக்கம்_8கேபி

இட அளவு சரிதான். ஆனால் இப்போது செய்தால் பலன் குறைவு. ரீசைக்கிள் பின் இயக்கத்தில் இருக்கிறது, நீக்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. 180 நாள் வரை அந்தக் கணக்குகள் பண்புகளோடு முழுசாகவே டிட்டில் கிடக்கும். மீட்டெடுக்க முடிவதே அதனால்தான். அதன் பிறகு பெரும்பாலான பண்புகள் கழன்று, மேலும் 180 நாள் வெறும் எச்சமாக இருக்கும். கடைசியாக, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடும் கழிவு சேகரிப்பு வரிசையையே நீக்கும். மொத்தம் 360 நாள். இந்த இரண்டு காலமும் மாற்றக்கூடியவை என்பதால் உங்கள் ஃபாரஸ்ட்டில் (டொமைன்களை உள்ளடக்கிய முழு ஆக்டிவ் டைரக்டரி அமைப்பு) என்ன மதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடம் பிடிக்கிறதே என்று அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். அந்தக் காலத்தைவிடப் பழைய பேக்கப் எதுவும் பயன்படாமல் போகும்.

அப்போதும் கோப்பு குறையாது. காலியான பக்கங்கள் உள்ளேயே மறுபயன்பாட்டுக்கு நிற்கும். சேவை ஓடும்போதே நடக்கும் ஆன்லைன் டிஃப்ராக் அவற்றை ஒழுங்குபடுத்தும், டிஸ்க்குக்குத் திருப்பித் தராது. திருப்பித் தருவது ஆஃப்லைன் கம்பாக்ட் மட்டுமே. எவ்வளவு காலி என்று தெரிய, ரெஜிஸ்ட்ரியில் என்டிடிஎஸ் டயக்னாஸ்டிக்ஸின் கீழ் '6 கார்பேஜ் கலெக்‌ஷன்' மதிப்பை 1 ஆக்குங்கள். அடுத்த சுற்றில் டைரக்டரி சர்வீஸ் லாக்கில் 1646 என்ற நிகழ்வு காலி இடத்தை எம்பியில் சொல்லும். அது 300 எம்பி என்றால் கம்பாக்ட் செய்வது வீண்வேலை.

கேள்வி கேட்டவர்

நன்றி. அப்படியானால் இப்போதைக்கு டிட்டை டி டிரைவுக்கு மாற்றிவிடலாமா? இல்லை, கம்பாக்ட் செய்த கோப்பை ஒரு சர்வரில் தயாரித்து இன்னொன்றிலும் வைத்துக்கொள்ளலாமா?

பதில் 4 | நள்ளிரவு_அட்மின்

இரண்டாவதை மறந்துவிடுங்கள். வரிசை எண்களும் ரெப்ளிகேஷன் (சர்வர்கள் மாற்றங்களைத் தமக்குள் பரிமாறிக்கொள்வது) எண்ணிக்கையும் அந்தந்தச் சர்வருக்கு உரியவை. ஒன்றின் டிட்டை இன்னொன்றில் வைத்தால் ரெப்ளிகேஷன் குழம்பும். கம்பாக்ட் செய்வதானாலும் ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனியாகத்தான்.

மாற்றுவது சரியான முடிவு. முதலில் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப். இன்னொரு டொமைன் கன்ட்ரோலர் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் என்டிடிஎஸ் சேவையை நிறுத்தும்போது கெர்பரோஸும் (லாகின் சரிபார்ப்பு) டிஎன்எஸ்ஸும் சேர்ந்தே நிற்கும். பிறகு என்டிடிஎஸ்யூட்டிலைத் திறந்து, ஆக்டிவேட் இன்ஸ்டன்ஸ் என்டிடிஎஸ், ஃபைல்ஸ், மூவ் டிபி டு, மூவ் லாக்ஸ் டு என்ற வரிசை. கோப்பை எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடாதீர்கள். ரெஜிஸ்ட்ரியில் பாதை மாறாது, சேவை எழாது. முடிந்ததும் இன்ஃபோ கொடுத்துப் புதிய பாதையைப் பாருங்கள், அடுத்து இன்டெக்ரிட்டி கொடுத்துக் கோப்பு பழுதில்லையா என்று சோதியுங்கள்.

புதிய ஃபோல்டரில் சிஸ்டமும் அட்மினிஸ்ட்ரேட்டர்களும் தவிர வேறு யாருக்கும் அனுமதி வேண்டாம். எல்லாருடைய பாஸ்வேர்ட் ஹாஷும் (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவம்) அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. ஆன்டிவைரஸ் விலக்குப் பட்டியலில் புதிய பாதையைச் சேர்க்க மறப்பவர்கள் அதிகம். ஸ்கேனர் லாக்கைப் பிடித்துக்கொண்டால் சேவை தடுமாறும். சர்வர் ஹைப்பர்-வியில் மெய்நிகர் கணினியாக ஓடுகிறது என்றால் டி டிரைவ் ஐடிஇ வட்டாக இல்லாமல் ஸ்கஸி வட்டாக இருக்கட்டும். எல்லாம் முடிந்ததும் இன்னொரு பேக்கப்.

பதில் 5 | பக்கம்_8கேபி

பிறகு எப்போதாவது கம்பாக்ட் செய்தால் ஒன்று: பழைய டிட்டைப் பெயர் மாற்றி வைத்துவிட்டுப் புதியதை அதன் இடத்தில் வையுங்கள். பழைய லாக்குகளை அப்போது மட்டும், சேவை ஒழுங்காக நின்றிருக்கும் நிலையில், அகற்ற வேண்டும். அவை புதிய கோப்போடு பொருந்தாது. இன்டெக்ரிட்டியும் செமான்டிக் சோதனையும் தேறி, சேவை எழுந்த பிறகே பழையதை அழியுங்கள். நடுவில் -1018 பிழை வந்தால் அது டிஸ்க்கோ கன்ட்ரோலரோ பக்கத்தைக் கெடுத்துவிட்டது என்று பொருள். ரிப்பேர் கட்டளையால் கெட்ட பக்கங்களைத் தூக்கி எறிய முயலாதீர்கள், எந்த ஆப்ஜெக்ட் போனது என்றே தெரியாது. வன்பொருளைச் சரிசெய்து, அந்தச் சர்வரை டிமோட் செய்து (டொமைன் கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து இறக்கி) மறுபடி புரமோட் செய்யுங்கள். நல்ல சர்வரிலிருந்து புதிய டிட் உருவாகிவிடும்.