பணம் வாங்கிய நீதிபதிக்கு வக்காலத்து வாங்குவோர் கவனத்துக்கு

வெண்மணி: "பிரான்சிஸ் பேக்கன் பணம் வாங்கினார், ஆனால் தீர்ப்பை விற்கவில்லை, கொடுத்தவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்" என்று நேற்று இங்கே ஒரு மேதை அருளியிருந்தார். 1621-இல் இங்கிலாந்தின் லார்டு சான்சலர், அதாவது நாட்டின் உயர்ந்த நீதிப் பதவியில் இருந்தவர் அவர். 28 குற்றச்சாட்டுகளுக்கும் பதிலெழுதி, ஊழல் செய்தேன் என்று தாமே ஒப்புக்கொண்டார். அவருக்கில்லாத ரோஷம் உங்களுக்கு எதற்கு?

கல்வெட்டுக்காரன்: அந்த மேதை அடியேன்தான். பேக்கன் முன் வழக்காடியவர்களில் ஆப்ரி 100 பவுன் கொடுத்தார், தோற்றார். எகர்ட்டன் 400 பவுன் கொடுத்தார், தோற்றார். தோற்ற ஆத்திரத்தில்தான் நாடாளுமன்றத்துக்கே போனார்கள். காசுக்கு வாங்கிய தீர்ப்பு இப்படியா இருக்கும்?

வெண்மணி: ஜெயித்தவன் எதற்கய்யா புகார் கொடுக்கப் போகிறான்?

கல்வெட்டுக்காரன்: சுற்றி வளைக்க வேண்டாம். ஆப்ரி தோற்றாரா, இல்லையா? அக்கால நீதிபதிகளுக்குச் சம்பளம் சொற்பம். கட்டணமும் அன்பளிப்பும்தான் பிழைப்பு. பிரான்சில் 1604 முதல், பதவி மதிப்பில் அறுபதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அரசுக்குக் கட்டினால் நீதிபதி வேலையை மகனுக்கே விட்டுச் செல்ல முடிந்தது. அதை யாரும் பேசமாட்டீர்கள்.

தாழ்வாரம்: சம்பளம் குறைவு என்ற பாட்டை நானும் ஓர் அலுவலக மேசைக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறேன். ஆப்ரி அந்த 100 பவுனை வட்டிக்கு வாங்கினார். அவர் சார்பில் பணத்தோடு பேக்கனின் மாளிகைக்குள் போன ஹேஸ்டிங்ஸ் வெளியே வந்து, "பிரபுவுக்கு மகிழ்ச்சி, வழக்கு நல்லபடியாக முடியும்" என்றாராம். வழக்கு நடக்கும்போதே வாங்கிய அன்பளிப்பு இது!

கல்வெட்டுக்காரன்: நல்லபடியாக முடிந்ததா? தோற்றார்! மூன்றாம் முறையாகச் சொல்கிறேன், தோற்றார். இதெல்லாம் எட்வர்ட் கோக்கின் பழிவாங்கல். 1616-இல் கோக்கின் தலைமை நீதிபதி பதவி பறிபோனதில் பேக்கனுக்குப் பங்கு உண்டு. ஐந்தாண்டு கழித்து நாடாளுமன்றத்தில் கணக்குத் தீர்த்துக்கொண்டார்.

சீதேவி: பகை அதற்கும் முந்தையது. பேக்கன் மணக்க விரும்பிய எலிசபெத் ஹாட்டனை 1598-இல் கோக் மணந்துகொண்டார்.

வெண்மணி: வாருங்கள், நீதிமன்றத்திலிருந்து கல்யாண மண்டபத்துக்குப் போவோம்.

சீதேவி: உங்களுக்குத் தெரியாததை யார் சொன்னாலும் இளக்காரம்தான். சோழர் நிலவரி விவாதத்திலும் இதையே செய்தீர்கள்.

வெண்மணி: அங்கே ஆதாரம் கேட்டேன் அம்மணி. இன்னும் வரவில்லை.

கல்வெட்டுக்காரன்: வரி விவாதத்தை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். 40,000 பவுன் அபராதத்தை அரசர் ஜேம்ஸ் வசூலிக்கவில்லை. லண்டன் கோபுரத்தில் சில நாள்தான் சிறை. உண்மையான திருடனை இப்படியா விடுவார்கள்?

வெண்மணி: அரசருக்கு வேண்டியவனை அப்படித்தான் விடுவார்கள். பதவி திரும்பக் கிடைத்ததா?

கல்வெட்டுக்காரன்: எகர்ட்டன் தோற்றாரா, இல்லையா?

தாழ்வாரம்: தோற்றார் ஐயா, தோற்றார். அந்த 400 பவுனைத் திருப்பிக் கொடுத்தாரா உங்கள் உத்தமர்?

கல்வெட்டுக்காரன்: வெண்மணி பதில் சொல்லட்டும். உங்களிடம் கேட்கவில்லை.